ஓவர்சார்ஜ், அண்டர்சார்ஜ்: பாரம் யார் தலையில்?

கேள்வி: புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடையில் பில் போடும் வேலை. போன வாரம் வெளிநாட்டுக்காரர் ஒருவர் இரண்டு ஊதுபத்தி டப்பா வாங்கினார். பணம் கட்டிவிட்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்து, ‘யூ அண்டர்சார்ஜ்டு மீ’ என்றார். மீதியைக் குறைத்துக் கொடுத்துவிட்டேன் போல என்று பயந்து, கல்லாவிலிருந்து நூறு ரூபாயை எடுத்து நீட்டினேன். அவரோ சிரித்துக்கொண்டே தன் நூறு ரூபாயை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். கடையில் இன்னும் கேலி செய்கிறார்கள். நான் எங்கே தப்பு செய்தேன்?
– வாசகி, முதலியார்பேட்டை

பதில்: கேலி செய்கிறவர்களை விடுங்கள் அம்மா. ‘அண்டர்’ என்றதும் ‘ஏதோ குறைந்திருக்கிறது’ என்று பிடித்தீர்களே, அது சரிதான். எது குறைந்தது என்பதில்தான் சறுக்கல். சார்ஜ் என்பது கடைக்காரர் கேட்கிற தொகை. அது குறைந்தால் அண்டர்சார்ஜ், நஷ்டம் கடைக்கு. கூடினால் ஓவர்சார்ஜ், நஷ்டம் வாங்கியவருக்கு. இரண்டு டப்பாவுக்குப் பதில் ஒன்றுக்குத்தான் பில் போட்டிருப்பீர்கள். அதைச் சொல்லத்தான் அந்த மனிதர் திரும்பி வந்திருக்கிறார்.

சார்ஜ் என்ற சொல்லின் வேர், வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறிக்கும் லத்தீன் சொல். கப்பல் சரக்கைச் சொல்லும் ‘கார்கோ’வும் அதே வேரில் பிறந்ததுதான். நாமும் ‘விலையை ஏத்திட்டான்’ என்றுதானே சொல்கிறோம்! பாரம் கூடினால் ஓவர், குறைந்தால் அண்டர். இனி உங்களுக்கு மறக்காது.

நீங்கள் பயந்த விஷயத்துக்கு வேறு வார்த்தை இருக்கிறது: ஷார்ட்சேஞ்ச். 380 ரூபாய் சாமானுக்கு 500 ரூபாய்த் தாள் கொடுத்து, 120 வரவேண்டிய இடத்தில் 100 மட்டும் வந்தால் அது ஷார்ட்சேஞ்ச். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். வாங்குகிறவர் நீட்டிய தாளை உடனே கல்லாவில் போட மாட்டார். தராசுப் பக்கத்தில் படிக்கல்லுக்கு அடியில் வைப்பார். மீதியை ஒவ்வொன்றாக எண்ணி அவர் கையில் வைத்து, அவர் தலையாட்டிய பிறகுதான் தாள் கல்லாவுக்குள் போகும். ‘நான் ஐந்நூறு கொடுத்தேன்’, ‘இல்லை, நூறுதான்’ என்ற வழக்கே எங்கள் கடையில் வந்ததில்லை. நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஓவர்சார்ஜ் கைத்தவறாகவும் நடக்கலாம். ‘ரிப்-ஆஃப்’, ‘ஃப்ளீஸ்’ என்றால் வேண்டுமென்றே ஏமாற்றினீர்கள் என்ற குற்றச்சாட்டு. ஃப்ளீஸ் என்பது ஆட்டின் ரோமம். அதைக் கத்தரித்து எடுப்பதுபோல ஆளையே சிரைப்பது, நம் ஊரில் ‘மொட்டை அடிச்சுட்டான்’ என்கிறோமே, அதேதான். ஆகவே பில்லில் ஒரு எண் தப்பி விழுந்ததற்கெல்லாம் இந்த வார்த்தைகளை எடுக்கக் கூடாது. ‘ஐ திங்க் ஐ வாஸ் ஓவர்சார்ஜ்டு’ என்று சொன்னால் போதும், எந்தக் கடைக்காரர் மனமும் நோகாது. உங்களிடம் மறுபடி யாராவது ‘அண்டர்சார்ஜ்டு’ என்றால், பயப்படாமல் ‘தேங்க்யூ ஃபார் டெல்லிங் மீ’ என்று சொல்லுங்கள்.

கேள்வி: 20 ரூபாய் அச்சடித்த தண்ணீர் பாட்டிலைக் கடையில் 25-க்கு விற்கிறார்கள். கேட்டால் ‘கூலிங் சார்ஜ்’ என்கிறார்கள். இது ஓவர்பிரைஸ்டா, ஓவர்சார்ஜா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: ஓவர்சார்ஜ். பாட்டிலில் அச்சடித்த விலையே அநியாயம் என்று பட்டால்தான் ஓவர்பிரைஸ்டு. அது உங்கள் அபிப்பிராயம், வாங்காமல் வந்துவிடலாம். அச்சடித்த விலைக்கு மேல் கடைக்காரர் கேட்பது சட்டப்படியே தப்பு. 2011-இல் வந்த பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதிகள் அதைத் தடுக்கின்றன. எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம். குளிர்வித்ததற்கு என்று தனியாக ஐந்து ரூபாய் கேட்க இடமில்லை. பில் கேட்டு வாங்கிக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள்.