கணக்கு வராதவர் இணையவழியில் நெட்வொர்க்கிங் படிக்க முடியுமா?

பட்டர்வொர்த்தில் வேலை பார்த்துக்கொண்டே இணையவழிக் கல்லூரியில் நெட்வொர்க்கிங் அடிப்படை படிக்கலாமா, சப்நெட் (பெரிய நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது) கணக்கு பயமாக இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் படிக்கலாம். நானும் பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட் பார்த்தபடிதான் படித்தேன். பாதி வீடியோவில் தூங்கியதும் உண்டு.

நெட்வொர்க் வேலை செய்வதைப் படிப்படியாக விளக்கும் ஓஎஸ்ஐ மாதிரியின் 7 அடுக்குகளை ஒப்பிப்பதில் நாளை வீணாக்காதீர்கள். சப்நெட்டில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நம் தாமான் (குடியிருப்பு) முகவரியை நினைத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஜாலான் (தெரு) பெயர், பிறகு வீட்டு எண். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள ஐபி முகவரியும் (இங்கே IPv4 வகை) அப்படித்தான். மொத்தம் 32 பிட், அதாவது 0 அல்லது 1 என 32 இலக்கங்கள். அதில் ஜாலான் எங்கே முடிந்து வீட்டு எண் எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதே மாஸ்க். /26 என்றால் முதல் 26 பிட் ஜாலானுக்கு, மிச்சம் 6 வீட்டு எண்ணுக்கு. இரண்டின் 6ஆம் அடுக்கு 64. முதல் எண் நெட்வொர்க்குக்கு, கடைசி எண் பிராட்காஸ்ட்டுக்கு (எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவது) போக, கருவிகளுக்குக் கிடைப்பது 62. இவ்வளவுதான் கணக்கு! கையால் இருபது முப்பது போட்டுப் பாருங்கள்.

ரூட்டர் வாங்கவும் வேண்டாம். கணினியிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழக உதவும் சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். பதிவு செய்தால் போதும்.

வீட்டில் இணையம் நின்றால் அதுவும் ஒரு பாடம். கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போடுங்கள். பதில் வந்தும் தளங்கள் திறக்கவில்லையென்றால் முதலில் தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்படுங்கள், லைன்காரரை அப்புறம் திட்டலாம்.