மூணாறில் அடைமழை பெய்யும்போது சின்னாறு காடு ஏன் காய்ந்து கிடக்கிறது?

கேரள எல்லையில் இருக்கும் சின்னாறு வனவிலங்கு சரணாலயம் ஒரு மழை மறைவுப் பகுதி. அதாவது, மழைக்காற்று வரும் திசைக்கு மலையின் மறுபக்கம் இருப்பதால் மழை குறைவாகக் கிடைக்கும் இடம்.

ஜூன் மாதம் அரபிக்கடலில் இருந்து வரும் ஈரக்காற்று மூணாறு மலைகளில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து அங்கேயே கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று சூடாகிவிடும்; மழையாகும் அளவுக்கு அதில் ஈரம் மிஞ்சாது. வாய்க்கால் தண்ணீரைத் தலைமடை வயல்களே எடுத்துக்கொண்டால் கடைமடைக்கு என்ன வரும்? அதே கதைதான். சின்னாறுக்கு அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் ஆறுதல்.

உடுமலையில் மூணாறு பஸ் ஏறினால் இந்த மாற்றத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தே பார்க்கலாம். முதலில் முள்மரமும் கள்ளியும், மறையூரில் சந்தன மரங்கள், அப்புறம் தேயிலைப் பச்சை. எனக்கு மிகவும் பிடித்தது அந்த முள்காடுதான்.

காய்ந்த காட்டில் விலங்கு இருக்காது என்று நினைத்துப் பலர் இங்கே இறங்குவதே இல்லை. அது தவறு: யானை, காட்டெருமை, நட்சத்திர ஆமை எல்லாம் இங்கே உண்டு, ஆற்றோர மருத மரங்களில் இலையும் குச்சியும் வைத்துக் கூடு கட்டும் அரிய சாம்பல் நிற மலை அணிலும் உண்டு.