எச்பிஏ1சி சோதனைக்கு முன் ஒரு வாரம் பத்தியம் இருந்தால் அளவு குறையுமா?

அடுத்த வியாழன் எச்பிஏ1சி சோதனை (சில மாதத்துச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் ரத்தச் சோதனை), அதற்குள் ஒரு வாரம் சோற்றையும் சீனியையும் நிறுத்தினால் நல்ல எண் வருமா, வெறும் வயிற்றோடு போகணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் செய்து பார்த்தவன் நான். எண் குறையவில்லை. கிளினிக்கில் மானம் போனதுதான் மிச்சம்.

நான் மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். இனிப்புநீர் (நீரிழிவு) என்று தெரிந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. மெட்ஃபார்மின், கிளிக்லசைட் என்று இரண்டு மாத்திரை. மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன், வாயைத்தான் கட்டவில்லை. இரவு ஷிப்ட் முடிந்தால் நாசி கண்டார் (கறிக்குழம்புகள் ஊற்றிய சோறு), அதுவும் குழம்பு ‘பஞ்ஜிர்’, வெள்ளமாக. தே தாரிக் என்கிற இனிப்புப் பால் தேநீர் நாளுக்கு மூன்று. சோதனைத் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது திடீரென்று ஞானம் வந்தது. காலையில் பாகற்காய்ச் சாறு, மத்தியானம் வெள்ளரிக்காய், இரவில் ஒரே ஒரு சப்பாத்தி. “இந்தப் பாகற்காயெல்லாம் உங்களுக்கா, ரிப்போர்ட்டுக்கா?” என்று கேட்டாள் என் மனைவி. நான் காதில் வாங்கவில்லை.

சோதனை நாளன்று முந்தைய இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல், பழக்கத்தில் மாத்திரை இரண்டையும் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் போனேன். அரசாங்க கிளினிக், நல்ல கூட்டம். பத்து மணி ஆகியும் என் எண்ணைக் கூப்பிடவில்லை. முதலில் விரல்கள் நடுங்கின. முதுகுப் பக்கம் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. சுவரில் இருந்த எண் பலகை இரண்டு இரண்டாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த மலாய்க்கார மக்சிக்தான் பார்த்துவிட்டுத் தாதியைக் கூப்பிட்டார். விரலில் குத்திப் பார்த்தால் 3.3 (இங்கே சீனியை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள்). நான்குக்குக் கீழே போனாலே உஷாராக வேண்டும். சீனி கரைத்த தண்ணீர் கொடுத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி குத்தினார்கள். “சாப்பிடாமல் வரச் சொன்னது யார் அங்கிள்?” என்று தாதி கேட்டார். யாருமே சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

கிளிக்லசைட் கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. இந்த வகை மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் பட்டினி கிடந்து சோதனைக்குப் போவது ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் ஒரு வாரம் சோற்றை நிறுத்துவதும் அப்படித்தான்.

இவ்வளவு பாடுபட்டும் வந்த எச்பிஏ1சி எண் 8.4 சதவீதம். அந்த வாரம் வீட்டில் காலையில் குத்திப் பார்த்தபோதெல்லாம் ஆறுக்குள்தான் இருந்தது! கருவியில் கோளாறு என்றே நினைத்தேன். பிறகு மருத்துவர் விளக்கியது இது. ரத்தத்தில் ஓடும் சீனி சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினது ஒட்டினதுதான், அந்த அணு சாகும் வரை விடாது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதனால் இந்தச் சோதனையில் தெரிவது கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரி. கடைசி ஒரு மாதத்துக்குத்தான் எடை அதிகம், கிட்டத்தட்ட பாதி. ஒரு வாரப் பத்தியத்தால் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் கொஞ்சம் அசையலாம், அவ்வளவுதான். 8.4 சதவீதம் என்றால், விரல் குத்திப் பார்க்கும் கணக்கில் சராசரியாக 10.8 அளவில் சீனி ஓடியிருக்கிறது என்று அர்த்தம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் பந்தலுக்குப் பந்தல் குடித்த ரோஸ் சர்பத்து, மார்ச் மாதம் கொடுக்கிற ரத்தத்திலும் இருக்கும்.

சரி, வெறும் வயிறு விஷயம். எச்பிஏ1சிக்கு மட்டும் ரத்தம் எடுப்பதானால் சாப்பிட்டுவிட்டே போகலாம், எந்த நேரத்திலும் கொடுக்கலாம். ஆனால் பல இடங்களில் அதே குத்தில் காலைச் சீனி, கொழுப்பு, சிறுநீரகச் சோதனைகளுக்கும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். காலைச் சீனிக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். கொழுப்புக்குச் சில இடங்களில் கேட்கிறார்கள், சில இடங்களில் கேட்பதில்லை. உங்கள் படிவத்தில் என்னென்ன டிக் அடித்திருக்கிறது என்று பாருங்கள், புரியாவிட்டால் போன் போட்டுக் கேளுங்கள். பட்டினி என்றால், காலை மாத்திரையை அன்று எப்போது போடுவது என்றும் அதே போனில் கேட்டுவிடுங்கள். மாத்திரையையும் ஒரு ரொட்டியையும் பையில் வைத்துக்கொண்டு, வரிசையில் முதல் ஆளாக நில்லுங்கள்.

பத்தியத்தை விட முக்கியமாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. உங்களுக்கு ரத்தசோகை உண்டா? தலசீமியா, அல்லது அதைக் கடத்துபவர் என்று எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா? சமீபத்தில் ரத்தம் ஏற்றினீர்களா, தானம் கொடுத்தீர்களா, அதிகமாக ரத்தம் போனதா? சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம்? இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். சிவப்பணுவின் ஆயுள் கூடினாலோ குறைந்தாலோ இந்த எண் பொய் சொல்லும். என் அக்காவுக்கு 6.6 என்று வந்து வீடே கலங்கிப்போனது. விரலில் குத்திப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் இரும்புச்சத்துக் குறைவு என்று கண்டுபிடித்தார்கள். அது சரியான பிறகு எடுத்தால் 5.8. இரும்பு மாத்திரை, பெரிய அளவு வைட்டமின் சி போன்றவை எடுத்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு குழப்பம். இணையத்தில் எச்பிஏ1சி 6.5 வந்தால்தான் நீரிழிவு என்று படித்திருப்பீர்கள். நம் மலேசிய வழிகாட்டியில் 6.3 வந்தாலே நீரிழிவு, 5.7 முதல் அதன் விளிம்பு. சென்னையில் இருக்கும் மச்சானோடு எண்ணை ஒப்பிட்டுச் சண்டை போடுவதற்கு முன் இதைப் பாருங்கள். அவர்கள் விரல் குத்திச் சொல்லும் 126, 180 எல்லாம் வேறு அலகு. 18ஆல் வகுத்தால் நம் கணக்கு வரும்.

இந்த ஒரு வாரத்தில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. எப்போதும் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்து, என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு எழுதி வையுங்கள். எனக்கு அந்தத் தாள்தான் உதவியது. காலை எண் ஆறு, நாசி கண்டாருக்குப் பிறகு பதினாலு! மருத்துவர் அதைப் பார்த்துத்தான் மாத்திரையை மாற்றினார். மூன்று மாதம் கழித்து அடுத்த சோதனைக்குப் போனபோது கடையில் இரண்டு தோசையும் ஒரு கோப்பி ஓ கோசோங்கும் (பால், சீனி இல்லாத கோப்பி) சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். 7.3 வந்தது. தே தாரிக் இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் ‘குராங் மானிஸ்’, சீனி குறைத்து. கடைக்காரர் இன்னமும் கையை அடக்குவதில்லை, அது வேறு கதை.