பில் போடும் கம்ப்யூட்டர் ‘சர்வர் இல்லை’ என்கிறதா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் மருந்துக்கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள். போன வாரம் இன்டர்நெட் கம்பெனியை மாற்றினோம், புது ரவுட்டர் வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து உள் அறையில் இருக்கும் மெயின் கம்ப்யூட்டரில் மட்டும் பில் போட முடிகிறது. கவுன்டரில் உள்ள இரண்டிலும் ‘சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, எரர் 26’ என்று வருகிறது. சர்வீஸ் செய்பவர், “டேட்டாபேஸ் கரப்ட் ஆகிவிட்டது, எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட வேண்டும், ஆறாயிரம் ஆகும்” என்கிறார். கொடுக்கலாமா?
– மருந்துக்கடைக்காரர், ஈரோடு

பதில்: கொடுக்க வேண்டாம். அழிக்கவும் விடாதீர்கள். மெயின் கம்ப்யூட்டரில் பில் விழுகிறது என்றாலே டேட்டாபேஸ் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். கெட்டது கவுன்டர் கம்ப்யூட்டர்களிலிருந்து அதற்குப் போகும் வழிதான். ரவுட்டர் மாறிய அன்று தொடங்கிய கோளாறுக்கு ரவுட்டர் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மெயின் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட்டை அழுத்தி ‘சிஎம்டி’ என்று தேடிக் கறுப்புத் திரையைத் திறந்து, ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். ஐபிவி4 முகவரி என்ற வரியில் ஓர் எண் இருக்கும். பழைய ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் எண்ணைக் கொடுத்திருக்கலாம், புதியது 192.168.0 என்றோ 192.168.29 என்றோ கொடுத்திருக்கும். கவுன்டர் கம்ப்யூட்டர்களில் பில்லிங் மென்பொருளின் செட்டிங்கில் சர்வர் என்ற கட்டத்தில் பழைய எண்ணே இருந்தால் விஷயம் முடிந்தது. புது எண்ணைப் போட்டால் பில் ஓடும். எண்ணுக்குப் பதிலாக மெயின் கம்ப்யூட்டரின் பெயரைப் போடுவது இன்னும் நல்லது, அடுத்த முறை ரவுட்டர் மாறினாலும் பெரும்பாலும் தப்பிக்கலாம். எண்தான் வேண்டும் என்று மென்பொருள் அடம்பிடித்தால், அந்தக் கம்ப்யூட்டருக்கு எப்போதும் ஒரே எண்ணைக் கொடுக்கும்படி ரவுட்டரிலேயே ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

முகவரி சரியாக இருந்தும் வரவில்லையா? அப்போது விண்டோஸ் ஃபயர்வால். புதிதாக ஒரு நெட்வொர்க்கைப் பார்த்ததும் விண்டோஸ் அதைப் பொது இடத்து நெட்வொர்க், அதாவது ‘பப்ளிக்’ என்று எடுத்துக்கொண்டு கதவுகளைச் சாத்திவிடும். பழைய ரவுட்டரில் ‘பிரைவேட்’ என்று வைத்து அதற்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தால், அந்த அனுமதி இப்போது செல்லாது. செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் பகுதியில் உங்கள் இணைப்பின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து பிரைவேட் என்று மாற்றுங்கள். எல்லாம் ஒரு நிமிட வேலை.

மூன்றாவதாக ஒன்று. உங்கள் டேட்டாபேஸை நடத்துவது மைக்ரோசாஃப்டின் ‘எஸ்கியூஎல் சர்வர்’ என்ற மென்பொருளாக இருக்கும். எரர் 26 வருவது பெரும்பாலும் அதன் இருப்பிடத்தை மற்ற கம்ப்யூட்டர்களுக்குச் சொல்லும் ‘எஸ்கியூஎல் சர்வர் பிரவுசர்’ என்ற சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் நிரல், பதில் சொல்லாதபோது. எஸ்கியூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பை நிறுவும்போது இந்த பிரவுசர் தானாக ஓடாது. வெளிக் கம்ப்யூட்டர்கள் வந்து பேசுவதற்கான டிசிபி/ஐபி வசதியும் அணைத்தே இருக்கும். நிறுவியவர் இரண்டையும் ஆன் செய்துதான் இத்தனை நாள் ஓட்டியிருப்பார். ஸ்டார்ட்டில் ‘சர்வீசஸ்’ என்று தேடி, பட்டியலில் பிரவுசர் ‘ரன்னிங்’ என்று இருக்கிறதா, ஸ்டார்ட்டப் ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஃபயர்வாலில் அதற்கு யுடிபி 1434 என்ற போர்ட், அதாவது இணைப்பு வாசல், திறந்திருக்க வேண்டும். டேட்டாபேஸுக்கு வழக்கமாக டிசிபி 1433, எக்ஸ்பிரஸில் வேறு எண்ணாகவும் இருக்கலாம்.

யாராவது “ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிடலாம் சார்” என்றால், கோளாறு அங்கேதானா என்று பார்க்க இரண்டு நிமிடம் அணைக்கலாம், சரி. அப்படியே விட்டுப் போக விடாதீர்கள். அதைவிட மோசம், வீட்டிலிருந்து கணக்குப் பார்க்கிறேன் என்று ரவுட்டரில் 1433-ஐ இன்டர்நெட்டுக்குத் திறந்து விடுவது. பாஸ்வேர்டை ஊகித்து நுழையும் நிரல்கள் இராப்பகலாக அந்த எண்ணைத்தான் தட்டிக்கொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாகச் செய்து தரச் சொல்லுங்கள்.

வந்து பார்த்ததற்கு ஒரு சர்வீஸ் கூலி நியாயம். ஆறாயிரம் நியாயமில்லை.

கேள்வி: ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். மென்பொருள் போட்டுக் கொடுத்தவர் தொழிலை விட்டுவிட்டார், போனும் எடுப்பதில்லை. மின்சாரம் போய் வந்த ஒருநாள் ‘லாகின் ஃபெயில்டு ஃபார் யூசர் எஸ்.ஏ., எரர் 18456’ என்று நின்றுவிட்டது. வேறொரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். “பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே போகவே முடியாது, டேட்டா ரெக்கவரிக்கு 25 ஆயிரம், அப்புறம் எங்கள் மென்பொருளை வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். ஆறு வருடக் கணக்கு உள்ளே இருக்கிறதே!
– வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் மூச்சு விடுங்கள். எஸ்.ஏ. என்பது எஸ்கியூஎல் சர்வரின் தலைமைப் பயனர் கணக்கு. இந்த மெசேஜில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்பது தெருவே தெரியாமல் அலைவது. ‘லாகின் ஃபெயில்டு’ என்பது வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தும் சாவி சேராமல் நிற்பது. உங்கள் டேட்டாபேஸ் உயிரோடு இருக்கிறது, பதிலும் சொல்கிறது. ரெக்கவரி என்ற பேச்சுக்கே இடமில்லை.

சாவி ஏன் சேரவில்லை என்பதை எஸ்கியூஎல் சர்வரே எழுதி வைத்திருக்கும். திரையில் தெரியும் மெசேஜில் ‘ஸ்டேட் 1’ என்றுதான் எப்போதும் இருக்கும். திருடனுக்குத் துப்புக் கொடுக்கக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். உண்மையான எண் மெயின் கம்ப்யூட்டரில், எஸ்கியூஎல் சர்வர் ஃபோல்டருக்குள் ‘லாக்’ என்ற ஃபோல்டரில், ‘எரர்லாக்’ என்ற கோப்பில் இருக்கிறது. நோட்பேடிலேயே திறக்கலாம். கடைசிப் பக்கம் போய் 18456 என்ற வரியைப் பாருங்கள். ஸ்டேட் 8 என்றால் பாஸ்வேர்டு தவறு. ஸ்டேட் 5 என்றால் அப்படியொரு பயனரே இல்லை. ஸ்டேட் 7 என்றால் அந்தக் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, பாஸ்வேர்டும் சேரவில்லை. ஸ்டேட் 58 என்றால் சர்வர் விண்டோஸ் லாகினை மட்டும் ஏற்கும் நிலையில் இருக்கிறது. தனி பாஸ்வேர்டையும் ஏற்கும் ‘மிக்ஸ்டு மோடு’க்கு மாற்றி, சர்வீஸை ஒருமுறை நிறுத்தி ஓட்டினால் சரியாகிவிடும். மின்தடைக்குப் பிறகு என்கிறீர்கள் அல்லவா? எப்போதோ யாரோ செய்த மாற்றம் கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கும்போதுதான் அமலுக்கு வரும். 58 ஆக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பாஸ்வேர்டே தெரியாது என்றாலும் கதவு மூடிவிடவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தால், எஸ்கியூஎல் சர்வரை ‘சிங்கிள் யூசர்’ முறையில் தொடங்கி, உங்கள் விண்டோஸ் கணக்கையே முழு அதிகாரியாகச் சேர்த்து, எஸ்.ஏ.-வுக்குப் புதுப் பாஸ்வேர்டு வைத்துவிடலாம். இது கள்ள வழி இல்லை, மைக்ரோசாஃப்ட் தானே எழுதி வைத்திருக்கும் முறை. டேட்டாபேஸ் வேலை தெரிந்த எவரும் ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பார். அப்படி ஒருவரைக் கூப்பிட்டதும் அவர் வேறு எதையும் தொடும் முன், சர்வீஸை நிறுத்தி, எம்டிஎஃப், எல்டிஎஃப் என்று முடியும் டேட்டாபேஸ் கோப்புகளை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். எந்தத் தவறு நடந்தாலும் அந்த நகல் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: எஸ்.ஏ. பாஸ்வேர்டை மாற்றினால், பழைய பாஸ்வேர்டைத் தன்னுள் வைத்திருக்கும் பில்லிங் மென்பொருளுக்கும் புதியதைச் சொல்ல வேண்டும். சில மென்பொருள்களில் அதற்கென்று ஒரு செட்டிங் பக்கம் இருக்கும், சிலவற்றில் கோப்பில் எழுதியிருக்கும். ஆகவே ஸ்டேட் எண்ணைப் பார்க்காமல் பாஸ்வேர்டை மாற்றப் போகாதீர்கள்.

அடுத்து யாரிடம் மென்பொருள் வாங்கினாலும், டேட்டாபேஸின் அட்மின் பாஸ்வேர்டை ஒட்டிய உறையில் போட்டுக் கொடுக்கச் சொல்லி, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். “அது எங்கள் ரகசியம்” என்பவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. மென்பொருள் அவருடையது, கணக்கு உங்களுடையது.

கேள்வி: ஹார்டுவேர் கடைக்கு பில்லிங் மென்பொருள் கேட்டதற்கு வந்த கொட்டேஷனில் ‘எஸ்கியூஎல் லைசென்ஸ் – 18,000 ரூபாய்’ என்று தனி வரி இருக்கிறது. இது கட்டாயமா?
– ஹார்டுவேர் கடைக்காரர், நாகர்கோவில்

பதில்: எந்தப் பதிப்பு என்று எழுத்தில் கேளுங்கள். எக்ஸ்பிரஸ் என்று பதில் வந்தால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லலாம், அது இலவசம். 2022 வரையிலான எக்ஸ்பிரஸில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபி வரைதான் வளரும். 2025 பதிப்பில் 50 ஜிபி வரை போகலாம். ஒரு ஹார்டுவேர் கடையின் பில்களுக்கு 10 ஜிபியே பல வருடம் தாங்கும், பொருட்களின் போட்டோக்களை உள்ளே கொட்டாதவரை. ஸ்டாண்டர்டு பதிப்பு என்று சொன்னால் மைக்ரோசாஃப்ட் லைசென்ஸ் உங்கள் கடை பெயரில் வரவேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். ‘எக்ஸ்பிரஸ்தான், நிறுவும் கூலி’ என்றால் கூலி என்றே எழுதட்டும், பேரம் பேச வசதியாக இருக்கும்.

கேள்வி: கடைக்குப் புது விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கினேன். பில்லிங் மென்பொருளை ஏற்றும்போது எஸ்கியூஎல் சர்வர் பாதியில் ‘வெயிட் ஆன் தி டேட்டாபேஸ் இன்ஜின் ரெக்கவரி ஹேண்டில் ஃபெயில்டு’ என்று நிற்கிறது. மென்பொருள்காரர் லேப்டாப் பழுது என்கிறார். லேப்டாப் விற்ற கடைக்காரர் மென்பொருள் பழுது என்கிறார்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இருவர் சொல்வதும் தவறாக இருக்கலாம். சில புதிய என்விஎம்இ எஸ்எஸ்டிகள் (லேப்டாப்பின் சேமிப்பு டிரைவ்கள்) தங்கள் செக்டார் அளவை, அதாவது டேட்டாவை எழுதும் ஒரு துண்டின் அளவை, 4 கேபிக்கு மேல் என்று விண்டோஸ் 11-இடம் சொல்கின்றன. எஸ்கியூஎல் சர்வருக்குத் தெரிந்ததோ 512 பைட்டும் 4 கேபியும்தான். இவை ஒத்துப்போகாமல் சர்வீஸ் எழவே எழாது, எழாத சர்வரோடு எந்த மென்பொருளும் இணைய முடியாது. இதற்கு ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் செட்டிங்குகளை எழுதி வைக்கும் இடத்தில், ஒரு வரி சேர்க்கும் தீர்வை மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கத்தில் கொடுத்திருக்கிறது. மென்பொருள்காரர் அதைப் போட்டு, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, பாதியில் நின்ற எஸ்கியூஎல்லை நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்றட்டும். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கக் காரணம் இல்லை.

மென்பொருள்காரர் பென்டிரைவில் கொண்டுவந்த எஸ்கியூஎல் சர்வர் எந்த ஆண்டுப் பதிப்பு என்றும் பாருங்கள். 2008 ஆர்2-வை இன்னும் சுமந்து திரிகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கான ஆதரவு 2019 ஜூலையிலேயே முடிந்தது, 2014-க்கு 2024 ஜூலையில். விண்டோஸ் 11-இல் 2017-உம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும்தான் முறைப்படி ஓடும்.

இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு: ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்பில் எஸ்கியூஎல் சர்வரை நிறுவ மைக்ரோசாஃப்ட் ஆதரவு தருவதில்லை. பேட்டரி நாள் முழுக்க நிற்கும், எடை குறைவு, எல்லாம் உண்மைதான். கடையின் மெயின் கம்ப்யூட்டருக்கு அது ஆகாது. இன்டெல் அல்லது ஏஎம்டி என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஆடிட்டர் அலுவலகம். பழைய கணக்கு மென்பொருள், டேட்டா எல்லாம் ஒரு கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டரில். விண்டோஸ் 11 பெரிய அப்டேட் ஆனதும் மற்ற கம்ப்யூட்டர்கள் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கின்றன. தினமும் கம்ப்யூட்டரைத் திறக்கும் நான்கு இலக்க பின்னைப் போட்டாலும் ஏற்கவில்லை.
– வாசகர், மதுரை

பதில்: அந்த பின் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், நெட்வொர்க் வழியாகச் செல்லாது. அதற்குப் பின்னால் ஒரு பாஸ்வேர்டு இருக்கும், பலரும் மறந்தே போயிருப்பார்கள். அதுதான் இங்கே வேண்டும். முன்பு கேட்காதது ஏன் இப்போது கேட்கிறது என்றால், பாஸ்வேர்டு இல்லாமல் ‘கெஸ்ட்’ ஆக உள்ளே போகும் வழியை 24எச்2 அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 11 ப்ரோவில் அடைத்துவிட்டார்கள். திரும்பத் திறந்துவிடும் செட்டிங் உண்டு. கட்சிக்காரர்களின் கணக்கை வைத்திருக்கும் அலுவலகத்தில் அதைச் செய்யாதீர்கள். டேட்டா உள்ள கம்ப்யூட்டரில் ‘கணக்கு’ என்பதுபோல் ஒரு சாதாரண லோக்கல் பயனரை உருவாக்கி, பாஸ்வேர்டு வைத்து, அந்த ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். மற்ற கம்ப்யூட்டர்களில் ஒருமுறை அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு ‘நினைவில் வை’ என்பதை டிக் செய்தால் போதும். பழைய தவறான பாஸ்வேர்டு ஏற்கெனவே பதிவாகியிருந்தால் கன்ட்ரோல் பேனலின் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ பகுதியில் அதை நீக்கிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) பணம் வாங்கிக்கொண்டு, டேட்டாபேஸ் நின்றால் வந்து பார்ப்பதில்லை. கடை நடத்தும் நான் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியுமா?
– தையல் கடை நடத்துபவர், விழுப்புரம்

பதில்: முயன்று பார்க்கலாம். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொன்னாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவருக்கு அதே சட்டம் விலக்குத் தருகிறது. சொந்தமாகத் தையல் கடை நடத்தும் நீங்கள் அந்த விலக்கைக் கேட்கலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல விவகாரங்கள் அங்கேயே முடிகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. ஏ.எம்.சி. ரசீது, நீங்கள் கூப்பிட்ட தேதிகள், வாட்ஸ்அப் செய்திகள், எரர் திரையின் போட்டோ இவற்றைச் சேர்த்து வையுங்கள். போட்டோவில் எரர் எண்ணும் தேதியும் முழுதாகத் தெரியவேண்டும்.