விசாவை நம்பி ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

சென்ற வாரம் படிப்பு ஆலோசனைக்காக என் அறைக்கு வந்த பெற்றோரின் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் சேர்க்கைக் கடிதம். மற்றொன்று, குடியிருக்கும் வீட்டை அடமானம் வைப்பதற்கு வங்கி கேட்டிருந்த ஆவணங்களின் பட்டியல். ஒரு நாட்டில் படிப்பு, வேறொரு பணக்கார நாட்டில் தகுதித் தேர்வு, பிறகு அங்கேயே குடியுரிமை என்று திட்டம் போட்டுக் கொடுத்தவர், இருபது ஆண்டுகளுக்கு முன்பே வெளிநாட்டில் குடியேறிவிட்ட பெரியப்பா. "பிள்ளை அங்கே தனியாகச் சமாளித்துவிடுவாளா சார்?" என்பது ஒன்றே தாயின் கேள்வி. சமாளித்துவிடுவாள் என்று ஆறுதல் சொல்லித்தான் நானும் தொடங்கினேன். கடன் தொகையைக் கேட்ட பிறகு அந்த ஆறுதலை நிறுத்திக்கொண்டேன். அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

அம்மா, ஐயா, உங்கள் மகள் மருத்துவம் படிக்கப் போவதில்லை. மருத்துவத்தின் வழியாகக் கிடைக்கும் என்று நம்பப்படும் ஒரு விசாவைப் படிக்கப் போகிறாள். படிப்பின் பாடத்திட்டம் ஐந்தாறு ஆண்டுகளுக்கு மாறாமல் இருக்கும், ஆனால் விசாவின் விதிகள் ஒரே அறிவிப்பில் மாறிவிடும். அமெரிக்காவில் மருத்துவராகப் பணியாற்ற விரும்பும் வெளிநாட்டுப் பட்டதாரி, உரிமத் தேர்வுகளில் தேறினால் மட்டும் போதாது, அங்கே பயிற்சி மருத்துவர் இடம் ஒன்றும் கிடைத்தாக வேண்டும். அந்த இடத்துக்குப் போட்டியிடும் வெளிநாட்டவரில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் ஆண்டுதோறும் வெறுங்கையுடன் திரும்புகிறார்கள். பல்லாயிரக்கணக்கான முதியோர் பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாடுகளிலிருந்து அழைத்த பிரிட்டன், 2025 ஜூலையில் அந்தக் கதவைப் புதியவர்களுக்கு மூடிவிட்டது. பெரியப்பா போன வழி அவர் போன காலத்தில் திறந்திருந்தது, அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் உங்களுக்குக் கொடுத்திருப்பது இருபது ஆண்டுகளுக்கு முந்தைய வரைபடம்.

இன்னொரு நாட்டின் தேவையை நம்பி ஒரு தலைமுறையே படிப்பைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் கண்ணெதிரே நிற்கும் சாட்சி. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்கா செவிலியர்களுக்குத் தாராளமாக விசா வழங்கியபோது, பிலிப்பைன்ஸில் செவிலியர் கல்லூரிகள் பெருகின. பணியிலிருந்த மருத்துவர்களே மீண்டும் மாணவர்களாகிச் செவிலியர் படிப்பில் சேர்ந்தார்கள். 2007ஐ ஒட்டி அந்த விசாக்கள் சுருங்கியதும், படித்து முடித்தவர்களில் பலர் சொந்த நாட்டு மருத்துவமனைகளில் 'தன்னார்வலர்' என்ற பெயரில் ஊதியமின்றி உழைத்தார்கள். அனுபவச் சான்றிதழுக்காக மருத்துவமனைக்குத் தாங்களே பணம் கட்டியவர்களும் உண்டு. வெளிநாடு போகும் வாய்ப்பு இருந்ததால்தான் அந்த நாட்டில் செவிலியர் எண்ணிக்கையே உயர்ந்தது என்று காட்டும் ஆய்வுகளும் உள்ளன, அவற்றை நான் மறுக்கவில்லை. மொத்தக் கணக்கில் நாடு லாபம் கண்டிருக்கலாம். கதவு மூடிய ஆண்டில் தேர்வு எழுதியவளின் வீட்டுக்கு அந்த லாபம் எந்த வகையில் போய்ச் சேர்ந்தது?

இந்த இடத்தில் ஐயா ஒரு கேள்வி கேட்டார்: "அப்படியானால் படித்தவர்கள் எல்லோரும் நாட்டிலேயே கிடக்க வேண்டும் என்கிறீர்களா?" இல்லை. மூளைசாலிகள் வெளியேற்றத்தைத் தடுக்கும் பொறுப்பை 17 வயதுப் பெண்ணின் தலையில் சுமத்தும் தேசபக்தி எனக்கு இல்லை, அது அரசுகள் சுமக்க வேண்டிய பாரம். வெளியேறுபவர்களின் பணம் பல குடும்பங்களைக் காப்பாற்றுகிறது என்பதும் உண்மைதான்: உலக வங்கிக் கணக்கின்படி 2023இல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு இவ்வாறு வந்து சேர்ந்த தொகை 650 பில்லியன் டாலரைத் தாண்டியது. ஆனால் அந்தப் பணம் வீடுகளுக்கு வருகிறது. காலியான மருத்துவமனை இருக்கைக்கு வருவதில்லை. சுகாதாரப் பணியாளர் பற்றாக்குறையால் தவிப்பவை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பட்டியலிட்ட நாடுகள் 55. அந்த நாடுகளிலிருந்து ஆட்களை முனைப்பாகத் திரட்டக் கூடாது என்று பணக்கார நாடுகளை அது கேட்டுக்கொள்கிறது. 2010இலேயே இதற்கென நடத்தை விதித் தொகுப்பு ஒன்றும் நிறைவேறியது. அது தானாக முன்வந்து கடைப்பிடிக்க வேண்டிய விதி என்பதால், கடைப்பிடிக்காதவர்களுக்குத் தண்டனை கிடையாது.

வெளியேற்றம் என்றதும் நமக்கு மருத்துவரும் செவிலியரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களோடு சேர்ந்து இன்னொருவரும் கிளம்பிவிடுகிறார். மருத்துவமனையின் பின்கட்டில், மங்கிய விளக்கின் கீழ், திறந்துபோட்ட கருவிகளுக்கு நடுவே அமர்ந்து அவற்றைப் பழுதுபார்க்கும் பயோமெடிக்கல் டெக்னீஷியன் அவர். மருத்துவர் போனால் செய்தியாகும். இவர் போனால், ஒரு மூலையில் துணி போர்த்திய இயந்திரங்கள் ஒவ்வொன்றாகச் சேரும்; அவ்வளவுதான்.

உங்கள் மகளைப் பற்றி நான் கவனித்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். நாம் மூவரும் கடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் என் மேசையில் மூன்று மாதங்களாக நின்றுபோயிருந்த கடிகாரத்தை எடுத்துத் திருப்பினாள். பேட்டரியைக் கழற்றி, உள்ளிருந்த சுருள்கம்பியில் படிந்த பச்சைக் களிம்பை நகத்தால் சுரண்டி, கம்பியைச் சற்று வெளியே இழுத்துவிட்டு மீண்டும் பொருத்தினாள். முள் நகர்ந்தது. "அதெல்லாம் விளையாட்டு சார், வீட்டிலும் இப்படித்தான்" என்றார் ஐயா. இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவன் சொல்கிறேன், அது விளையாட்டு அல்ல. புதிய பேட்டரி வாங்குங்கள் என்று சொல்லாமல், பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிப்போன மனம் அது.

பொறியியல், கணினி, வணிகவியல் ஆகியவற்றைப் பற்றி உறவினர்கள் ஏற்கெனவே சொல்லி முடித்திருப்பார்கள். நான் அவற்றுக்குள் போகவில்லை. நான் முன்வைப்பது மருத்துவக் கருவிப் பராமரிப்புத் தொழில்நுட்பம். டிப்ளமோவாகவும் படிக்கலாம், பட்டமாகவும் படிக்கலாம். மின்னணுவியலும் இயந்திரவியலும் உடலியங்கியலின் அடிப்படையும் கலந்த படிப்பு இது. வேலை என்ன என்பதை, காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து நோயாளிக்குத் தரும் ஆக்ஸிஜன் செறிவூட்டியை வைத்துச் சொல்கிறேன். அறைக் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். கம்ப்ரசர் அந்தக் காற்றை ஜியோலைட் என்ற தாதுமணிகள் நிரம்பிய இரண்டு உருளைகளுக்குள் மாறிமாறித் தள்ளுகிறது. ஜியோலைட் நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொள்ள, 90 சதவீதத்துக்கு மேல் தூய்மையான ஆக்ஸிஜன் வெளியே வருகிறது. முகப்பு வடிகட்டியில் தூசி அடைத்தாலோ, ஈரக்காற்று உள்ளே போய் ஜியோலைட் கெட்டாலோ தூய்மை சரியத் தொடங்கும், அது 82 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஆனால் கருவி அப்போதும் உறுமிக்கொண்டுதான் இருக்கும், ஆக்ஸிஜனை ஈரப்படுத்தும் தண்ணீர்ப் போத்தலில் குமிழியும் வந்துகொண்டுதான் இருக்கும். குமிழி காட்டுவது காற்று ஓடுகிறது என்பதை மட்டுமே, அதில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்பதை அல்ல. நோயாளிக்கு ஆக்ஸிஜன் போகிறது என்று வார்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில், உள்ளங்கையளவு அளவீட்டுக் கருவியைக் குழாயில் பொருத்தி "இல்லை" என்று சொல்லக்கூடியவர் அந்த டெக்னீஷியன் ஒருவரே. பச்சிளங்குழந்தை வார்மரின் வெப்ப உணரி, கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் மூடியின் ரப்பர் வளையம், ஈசிஜி வயரின் உள்ளே முறிந்த இழை என்று அவருடைய நாள் நீள்கிறது.

இதற்கெல்லாம் மேதைமை வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். 11 நாடுகளில், வசதி குறைந்த 60 மருத்துவமனைகளிலிருந்து வந்த 2,849 பழுதுக் கோரிக்கைகளை அலசி 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, செயலிழந்த கருவிகளில் மூன்றில் இரண்டு பங்கை வெறும் 107 அடிப்படைத் திறன்களைக் கொண்டே மீண்டும் இயக்கிவிட முடியும் என்று கண்டது. மின்சாரம், மோட்டார், குழாய், மின்வழங்கி, பயன்படுத்துவோருக்குக் கற்றுக்கொடுத்தல் என்று அந்தத் திறன்கள் எல்லாம் பழகினால் கைவருபவை. அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது உங்கள் மகளின் நகம்தான்.

குறைகளையும் மறைக்க மாட்டேன். தொடக்க ஊதியம் சிறியது. திருமண வீட்டில் "என்ன வேலை?" என்று கேட்டால் இரண்டு நிமிடம் விளக்க வேண்டியிருக்கும். சில உற்பத்தி நிறுவனங்கள் பழுதுநீக்கும் கையேட்டையும் கடவுச்சொல்லையும் தங்கள் ஆட்களுக்கு மட்டுமே கொடுக்கும், அது வேலையில் உள்ளவர்களை உண்மையிலேயே எரிச்சலூட்டும் வழக்கம். 2020இல், பழுதுபார்க்கும் வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் ஆயிரக்கணக்கான மருத்துவக் கருவிக் கையேடுகளைத் திரட்டி இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. இன்றிரவே மகளை அதில் ஒன்றைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். நான்கு பக்கத்தில் கொட்டாவி விட்டால் என் யோசனை தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

இந்தப் படிப்பு படித்தவளும் ஒருநாள் வெளிநாடு போகலாம். போகட்டும். வேலை தெரிந்தவளாக, கடன் இல்லாதவளாக, திரும்பி வந்தாலும் ஒரு பணிமேசை காத்திருப்பவளாகப் போகட்டும். பணத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். படிப்புக்கான மொத்தக் கடன், அந்தப் படிப்பு சொந்த நாட்டில் பெற்றுத்தரும் முதல் ஆண்டு ஊதியத்தைத் தாண்டக் கூடாது. டாலர் ஊதியத்தை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள், அந்த ஊதியம் வராமல் போனால் வட்டியை எந்தப் பணத்தில் கட்டுவது என்பதை எழுதிக் காட்டுவதில்லை. பெரியப்பாவின் திட்டத்தை இந்த அளவுகோலில் வைத்தால், கடன் ஏழு மடங்கு அதிகம். பெரியப்பா உத்தரவாதக் கையெழுத்துப் போடுவாரா என்று நான் கேட்டபோது நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவமனையின் கருவிப் பராமரிப்புப் பிரிவில், விடுமுறையில் பத்து நாள் உடனிருந்து பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். மகளிடம் நேராகக் கேளுங்கள். அவள் பதில் சொல்லும்வரை இருவரில் யாரும் குறுக்கே பேச வேண்டாம். சேர்க்கைக் கட்டணத்துக்கான கடைசி நாள் நெருங்குகிறது என்று பெரியப்பா தொலைபேசியில் அவசரப்படுத்தினால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். அந்தப் பத்து நாள் முடியும்வரை வீட்டுப் பத்திரம் பீரோவைவிட்டு வெளியே வரக் கூடாது.