வாசகர் கேள்வி – பதில்: காட்டுக் காளானை எப்படி அடையாளம் காண்பது?

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து காளான் குறித்த கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: முதல் மழை பெய்து இடி இடித்த பிறகு, எங்கள் தோப்பில் கறையான் புற்றைச் சுற்றி வெள்ளைக் காளான்கள் கூட்டமாக முளைக்கின்றன. புற்றில் முளைப்பவை எல்லாம் உண்ணத்தக்கவை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நம்பிச் சமைக்கலாமா? (வாசகர், தென்காசி)

பெரியவர்களின் அனுபவம் மதிக்கத்தக்கது; ஆனால் அவர்கள் புற்றை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. பார்த்துப் பழகிய காரணத்தால், வேறு நான்கைந்து அடையாளங்களையும் சொல்லாமலேயே சரிபார்த்துவிடுகிறார்கள். நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை அந்த அடையாளங்கள்.

புற்றுக் காளான்கள் டெர்மிட்டோமைசிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. கறையான்கள் தாம் தின்ற இலைச் சருகையும் மரத்துகளையும் கழிவாக்கி, புற்றுக்குள் துளைகள் நிறைந்த அடைகளாகக் கட்டி, அவற்றில் இந்தப் பூஞ்சையை வளர்த்து உணவாகக் கொள்கின்றன. மண் நன்றாக நனைந்ததும் அந்த அடைகளிலிருந்துதான் காளான் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. ஆகவே இதன் முதன்மையான அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது. காளானைப் பிடுங்காமல் அதன் பக்கத்து மண்ணைக் குச்சியால் மெல்லக் கிளறிப் பாருங்கள். தண்டு மண்மட்டத்தில் முடிந்துவிடாமல், மெலிந்து நீண்டு, வேர்போலக் கீழே இறங்கிக்கொண்டே போகும். குடையின் உச்சியில் நிறம் அடர்ந்த கூரிய முகடு இருக்கும். குடையின் அடியில் மெல்லிய மடிப்புகளாக உள்ள செவுள்கள் முதலில் வெள்ளையாக இருந்து, முதிர முதிர இலேசான இளஞ்சிவப்பு ஏறும். தண்டின் அடியில் பை போன்ற கிண்ணம் இருக்கவே கூடாது.

தண்டைச் சுற்றியுள்ள வளையத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. நடராஜன் 1979-இல் விவரித்த டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்னும் இனத்தின் தண்டில் தடித்த வளையம் உண்டு. வேறு சில புற்றுக் காளான்களில் வளையம் இல்லை. அரிசிக் காளான் எனப்படும் சிறிய வகையில் நீண்ட வேர்த்தண்டும் இராது. கறையான்கள் வெளியே கொண்டுவந்து போட்ட அடைத்துகள்களிலிருந்து அது மேல்மண்ணிலேயே நூற்றுக்கணக்கில் முளைப்பதுதான் காரணம்.

அதே புற்றில் வேறு பூஞ்சைகளும் வளரும். வறண்ட நிலத்துப் புற்றுகளில் குடை விரியாமல் தண்டோடு ஒட்டியபடியே நிற்கும் பொடாக்சிஸ் வளர்கிறது. முதிர்ந்தால் அதன் உள்ளே கருமையான பொடிதான் மிஞ்சும். கறையான் விட்டுப்போன புற்றில் கறுத்த குச்சி போன்ற சைலேரியா தலைகாட்டும். இவற்றைவிடக் கவனம் தேவைப்படுவது ஒன்று உண்டு: புற்றோரம் புதைந்து கிடக்கும் மட்கிய தென்னை மட்டையிலோ சாணத்திலோ முளைத்த எந்தக் காளானும், நின்றபடி பார்ப்பவருக்குப் புற்றில் முளைத்ததாகவே தோன்றும். குனிந்து, அடிவரை தோண்டிப் பார்க்காமல் அதை வேறுபடுத்த வழியில்லை. காளானுக்காகப் புற்றை உடைக்கவும் வேண்டாம். அடையும் கறையானும் பிழைத்திருந்தால்தான் அடுத்த மழைக்கு அதே இடத்தில் காளானை எதிர்பார்க்க முடியும்.

கேள்வி: சமைக்கும்போது வெள்ளிக் கரண்டியோ பூண்டோ போட்டு, கறுத்தால் விஷம் என்கிறார்கள். பூச்சி அரித்த காளான் நல்லது என்றும் சொல்கிறார்கள். இவை சரியா? (வாசகி, திண்டுக்கல்)

இரண்டும் தவறு. காளானின் நச்சுகளுக்கும் வெள்ளி அல்லது பூண்டு கறுப்பதற்கும் தொடர்பே இல்லை. மனிதரின் கல்லீரலை அழிக்கும் காளானை நத்தை தின்றுவிட்டு நலமாக ஊர்ந்து போகும். அதன் உடல் வேறு, நம் உடல் வேறு. மஞ்சள், உப்பு, புளி ஆகியவற்றில் ஊறவைப்பதும், நீரை மாற்றி மாற்றிக் கொதிக்கவைப்பதும் கொடிய நச்சுகளை நீக்குவதில்லை. அடுப்படியில் செய்யும் எந்தச் சோதனையையும் நம்பி ஒரு காளானையும் உண்ணாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: வீட்டின் முன்னுள்ள புல்தரையில் பெரிய வெள்ளைக் காளான்கள் வட்டமாக முளைத்திருக்கின்றன. கடையில் வாங்கும் காளானைப் போலவே இருக்கின்றன. (வாசகர், கோயம்புத்தூர்)

குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் என்னும் நச்சுக் காளானாக இருக்கலாம் என்று ஐயுறுகிறேன். வெப்ப நாடுகளின் புல்தரைகளில் மழைக்குப் பின் மிகுதியாகக் காணப்படும் இது, வெளிர் நிறக் குடையின் மேல் பழுப்புச் செதில்களும் தண்டில் நகரக்கூடிய வளையமும் கொண்டது. இளமையில் செவுள்கள் வெள்ளையாக இருப்பதால்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

ஐயத்தைத் தீர்க்க வித்துப் பதிவு எடுத்துப் பாருங்கள். விரிந்த காளானின் தண்டை நறுக்கிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் குடையைச் செவுள்கள் கீழே இருக்குமாறு வைத்து, ஒரு டம்ளரால் மூடி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் குடையைத் தூக்கினால், செவுள்களின் வரிகள் நுண்ணிய பொடியாகத் தாளில் பதிந்திருக்கும். அந்தப் பொடி மங்கலான பச்சையாக இருந்தால் அது இந்த நச்சுக் காளான்தான். உண்டவர்களுக்குச் சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பச்சை தெரியவில்லை என்பதனாலேயே அதை உண்ணலாம் என்று பொருளில்லை.

கேள்வி: இலண்டனுக்கு அருகேயுள்ள காட்டில் ஓக் மரத்தடியில், முட்டை போன்ற உறையிலிருந்து வெளிவரும் காளான்களைப் பார்த்தேன். ஊரில் வைக்கோற்போரில் பறித்த காளான் போலவே உள்ளன. பறிக்கலாமா? (வாசகி, இங்கிலாந்து)

தயவுசெய்து பறிக்காதீர்கள். நீங்கள் விவரிக்கும் தோற்றமும் இடமும் அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்னும் கொலைக் காளானுக்குப் பொருந்துகின்றன. ஆசிய நாடுகளிலிருந்து அயல்நாடு சென்று குடியேறியவர்கள் இதை வைக்கோல் காளான் என்று கருதி உண்டு உயிரிழந்த நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உள்ளன.

வைக்கோல் காளான் மட்கும் வைக்கோலையும் வாழைச் சருகையும் உண்டு வாழ்வது. அதற்கு வெப்பம் வேண்டும், மரத்தின் துணை வேண்டியதில்லை. கொலைக் காளானோ ஓக், பீச் போன்ற உயிருள்ள மரங்களின் வேர்களோடு பிணைந்து, மரத்திடமிருந்து சர்க்கரையைப் பெற்று, மண்ணிலுள்ள சத்துகளை மரத்துக்குத் தந்து வாழ்கிறது. எனவே குளிர்நாட்டு ஓக் மரத்தடி என்ற ஒரு செய்தியே நீங்கள் கையை எடுத்துக்கொள்ளப் போதுமானது. விரிந்த காளான்களில் வேறுபாடு தெளிவாகத் தெரியும்: வைக்கோல் காளானுக்குத் தண்டில் வளையமில்லை, வித்துப் பதிவு இளஞ்சிவப்பு, கொலைக் காளானுக்கு வளையம் உண்டு, செவுள்கள் வெள்ளையாகவே நிற்கும், வித்துப் பதிவும் வெள்ளை. ஆனால் இரண்டுக்கும் அடியில் கிண்ணம் உண்டு. மொட்டுப் பருவத்திலோ இரண்டும் முட்டை வடிவ உறைக்குள் மறைந்திருக்கும். நம்மவர்கள் விரும்பிப் பறிப்பது மொட்டையே என்பதால் ஆபத்து இரட்டிப்பாகிறது.

இலண்டனை ஒட்டியுள்ள எப்பிங் காடு போன்ற இடங்களில் காளான் பறிப்பதே தடைசெய்யப்பட்டுள்ளது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: நீலகிரியில் பைன் தோட்டமொன்றில் வெண்புள்ளிகளுடைய சிவப்புக் காளானைக் கண்டோம். அது இந்த மண்ணுக்கு உரியதா? (வாசகர், கோத்தகிரி)

உரியதன்று. அமானிட்டா மஸ்காரியா என்னும் அந்த நச்சுக் காளானும் மரவேரோடு பிணைந்து வாழ்வதே. நீலகிரியில் அயல்நாட்டுப் பைன் மரங்களை நட்ட தோட்டங்களில் இது பதிவாகியுள்ளது. அந்த வெண்புள்ளிகள் இளமையில் காளானை மூடியிருந்த உறையின் எச்சங்கள் என்பதால், பலத்த மழையில் கழுவப்பட்டுப் போகலாம். புள்ளியில்லாத சிவப்புக் காளானை வேறொரு வகை என்று எண்ணிவிடாதீர்கள். பார்த்துப் படமெடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காப்புக் காடாக இருந்தால் உள்ளே செல்லவே வனத்துறையின் அனுமதி தேவை.

கேள்வி: தவறுதலாக நச்சுக் காளானை உண்டுவிட்டால் என்ன செய்வது? (வாசகி, சேலம்)

அறிகுறிக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, தீவிர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கொலைக் காளானின் நச்சு, உயிரணுக்களில் புரதம் உருவாவதற்கான முதற்படியையே தடுத்து நிறுத்துவது. ஆனாலும் உண்டு ஆறு மணி நேரத்துக்குப் பிறகே, சிலருக்கு ஒரு நாள் கழித்தே வாந்தி தொடங்கும். பிறகு அது தணிந்து உடல் தேறிவிட்டதுபோல் தோன்றும் நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். ஆகவே வாந்தி நின்றுவிட்டது என்று மருத்துவமனையிலிருந்து பாதியில் திரும்பாதீர்கள்.

2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளானை உண்ட 13 பேர் சில நாள்களுக்குள் உயிரிழந்தார்கள். மாண்டவர்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் பலர். ஒரே குழம்பை உண்டவர்களில் ஒருவருக்கு மட்டும் உடல்நலம் குன்றினாலும், உண்ட அனைவரும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். உண்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள காளானையும், குப்பையில் எறிந்த தண்டின் அடித்துண்டையும் நெகிழிப் பையில் அடைக்காமல் தாளில் பொதிந்து, பறித்த இடத்தில் நின்ற மரத்தின் பெயரையும் எழுதி, மருத்துவரிடம் கொடுங்கள்.