ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு நான்கு நாளாக மோஷன் போகவில்லை. வீட்டில் எப்படிக் கவனிப்பது?

இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கும் 74 வயது அம்மாவுக்கு நான்கு நாளாக மோஷன் போகவில்லை, வாழைப்பழமும் இசப்கோலும் கொடுத்தும் பலனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

வயிறு கல் மாதிரி உப்பியிருக்கிறதா, வாந்தி வருகிறதா, காற்றுகூடப் பிரியவில்லையா, ரத்தம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

நான் எலும்பு முறிவு வார்டில் பல வருடமாக வேலை பார்க்கும் செவிலியர். காலையில் ஒவ்வொரு கட்டிலாகப் போய் "மோஷன் போச்சா?" என்று கேட்போம். எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். அந்தத் தலையாட்டலை நான் நம்புவதில்லை. உங்கள் அம்மா வயதில் ஒரு பாட்டி தினமும் தலையாட்டிக்கொண்டிருந்தார், சாப்பாடு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "கடைசியா எப்பப் போனீங்க பாட்டி?" என்று கேட்டேன். "விழுந்த அன்னைக்குக் காலையில போனதுதான் தாயி" என்றார். ஆறு நாள் ஆகியிருந்தது. கட்டிலோரம் டம்ளரில் தண்ணீர் மூடி வைத்தபடியே இருந்தது. "குடிச்சா ராத்திரி மருமகளை எழுப்பணும். அதுவே பகலெல்லாம் அலைஞ்சிட்டு வந்து தரையில படுத்திருக்கு" என்றார். பெட்பேன் வைத்தாலும், எதிர்க் கட்டிலைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படுமே என்று அடக்கிக்கொண்டிருக்கிறார்.

பெருங்குடலின் வேலையே தண்ணீரை உறிஞ்சுவதுதான். தங்கத் தங்க மலம் காய்ந்து இறுகும். இறுகினால் போகும்போது வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவார்கள். அதனால் மருந்துக்கு முன்னால் அம்மாவின் கூச்சத்தைக் கவனியுங்கள் என்றுதான் சொல்வேன். கதவைச் சாத்துங்கள். முடிந்தால் ஒரு பெண் கூட இருந்து உதவட்டும். கைக்கெட்டும் இடத்தில் ஒரு மணி இருக்கட்டும். கூப்பிட்டதும் போங்கள். "இதோ வர்றேம்மா" என்று பத்து நிமிடம் கழித்துப் போனால் வந்த உணர்வு அடங்கிப்போகும், அது மறுபடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஸ்டீல் பெட்பேன் என்றால் வெந்நீரில் அலசித் துடைத்து வையுங்கள். அந்தச் சில்லிப்பு பட்டாலே உடம்பு இறுகிவிடும்.

நேரமும் முக்கியம். வயிற்றுக்குள் சாப்பாடு இறங்கியதும் பெருங்குடல் தானாக அசைந்து கொடுக்கும், காலையில் அது இன்னும் பலமாக நடக்கும். சூடாக ஏதாவது குடித்து, டிபன் சாப்பிட்டு, 15 முதல் 30 நிமிடத்துக்குள் உட்கார வையுங்கள். டாக்டர் உட்கார அனுமதித்திருந்தால் பெட்பேனைவிடக் கமோடு நாற்காலி எவ்வளவோ மேல். காலுக்கடியில் சின்ன ஸ்டூல் போட்டு முழங்காலை உயர்த்தச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். மற்றவர்களுக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் பலரை இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். உங்கள் சர்ஜனைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். அம்மாவுக்கு உயரமான இருக்கைதான் பாதுகாப்பு.

அடுத்து மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். வலிக்கு டிராமடால் இருக்கிறதா? அது குடலின் அசைவையே மந்தமாக்கும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் மலத்தை இறுக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் டிராமடால் சாப்பிடுகிற காலம் முழுக்க மலமிளக்கியும் கூடவே வேண்டுமா என்று இன்றே டாக்டரிடம் கேளுங்கள். இசப்கோலைப் பொறுத்தவரை, தண்ணீரைக் குறைத்துக்கொண்டு படுத்தே இருப்பவருக்கு அது உதவாது, உள்ளேயே கட்டிக்கொள்ளும். லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி சிரப் எழுதிக் கொடுத்தால் வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். இரவு கொடுத்துவிட்டுக் காலையில் போகவில்லையே என்று அளவைக் கூட்டாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கடையில் விற்கும் பாஸ்பேட் எனிமாவைத் தொடவே கூடாது. இருதயம், சிறுநீரகத்துக்காகத் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லவில்லை என்றால், ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போகட்டும், மோர், ரசம் எல்லாம் சேர்த்து. கீரை, கொய்யா, கம்பங்கூழ் என அவருக்குப் பிடித்ததைக் கொடுங்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு அம்மாவின் விரிப்பு அடிக்கடி நனைவதைப் பார்த்து "பேதி" என்று சார்ட்டில் எழுதிவிட்டேன். மலமிளக்கி நிறுத்தப்பட்டது. இரண்டு நாள் கழித்து மூத்த சிஸ்டர் ஒருவர் கையுறை போட்டுப் பரிசோதித்தார். உள்ளே களிமண் உருண்டை மாதிரி மலம் அடைத்திருந்தது. அதைச் சுற்றிக் கசிந்த நீரைத்தான் நான் பேதி என்று எழுதியிருந்தேன். அந்த அம்மா அந்த இரண்டு நாளும் பட்ட அவஸ்தைக்கு நான் காரணம் என்பது இன்றும் மனதில் இருக்கிறது. பல நாள் போகாமல் இருந்து, திடீரென்று கொஞ்சம் கொஞ்சமாக நீராகக் கசிந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் விரலை விட்டு எடுக்கவும் முயலாதீர்கள், இதய நோயாளிகளுக்கு நாடித்துடிப்பு சட்டென்று இறங்கிவிடலாம்.

காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள்: போனதா, ஆட்டுப் புழுக்கை மாதிரியா, வாழைப்பழம் மாதிரியா, நீராகவா, முக்கினாரா. மலத்தின் தன்மையைப் பிரித்துக் காட்ட நாங்கள் வைத்திருக்கும் பிரிஸ்டல் அட்டவணை ஏழு வகை சொல்லும், வீட்டுக்கு இது போதும். டாக்டருக்குப் போன் செய்யும்போது அந்தக் காலண்டரும் மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும். நான்கு நாள் ஆகிவிட்டதால் அந்தப் போனை நாளைக்குத் தள்ளாதீர்கள்.